பி பாசிட்டிவ் யாரும் இல்லை

“லிஜிஷா மோளே, என் உடம்புல ஓடுறது ரத்தமா, கஞ்சித்தண்ணியா? அதை மட்டும் சொல்லிடு, நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

சுதாகரன் ஆட்டோவை கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் உள்ளே வந்திருந்தார். லிஜிஷா அடுக்களையில் புட்டுக்குழாயிலிருந்து கடைசிப் புட்டைத் தட்டில் தள்ளிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கடலைக் கறிக்கு மாமியார் நளினி தேங்காய் வறுத்த வாசனை வராந்தா வரைக்கும் வந்திருந்தது. அந்த வாசனைக்கு எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் கொஞ்சம் இளகுவான். சுதாகரன் இளகவில்லை. மொபைலை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“நேத்து விழா முடிஞ்சதும் என் வண்டிப் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டினீங்கல்ல? காலைல ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் பெருமையா மொபைலைக் காட்டினேன். பி பாசிட்டிவ்ல யாரும் இல்லைன்னு வருது. மீசை முளைச்ச நாள்லேருந்து ரத்தம் குடுக்கிறவன் நான். யாரும் இல்லைன்னா, அப்ப நான் யாரு?”

“அப்படி வராதே ஏட்டா.”

“பக்கத்துல ஷாஜி வண்டி. அவன் பி நெகட்டிவ். அவன் ஸ்டிக்கருக்குக் காட்டினா அவன் பேரு பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிக்குது. ஸ்டாண்டே சிரிக்குது மோளே.”

லிஜிஷா கையைத் துடைத்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜ் கதவில் தான் ஒட்டியிருந்த ஓ நெகட்டிவ் ஸ்டிக்கருக்கு மொபைலைக் காட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் பக்கம் திறந்தது. முதல் பெயரே அவளுடையதுதான். நேற்றுவரை பத்துத் தடவையாவது இப்படிக் காட்டிப் பார்த்து மகிழ்ந்த அதே பெயர்.

“இது நல்லாத்தானே வேலை செய்யுது?” என்றாள்.

“உன் பேரு வந்தா போதுமாடி உனக்கு?” என்று அடுக்களையிலிருந்து நளினி கேட்டாள். அந்த வீட்டில் மாமியார் சொல்லும் ஒற்றை வாக்கியம் சில சமயம் இப்படி நெற்றிப்பொட்டில் வந்து விழும்.

அந்த ஊரில் வாசகசாலை முக்கில் இரண்டு கிளப்புகள். ஒன்று யுவஜ்வாலா, இன்னொன்று சங்கமம். ரோட்டுக்கு இந்தப் பக்கத்தார் ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி வைத்தால் அந்தப் பக்கத்தார் அதைவிட நீளமான வடமாக வாங்குவார்கள். சங்கமத்துக்காரர்கள் போன வருஷம் ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து யுவஜ்வாலா செயலாளர் பவித்ரனுக்குச் சோறு இறங்கவில்லை. லிஜிஷா பையன்னூரில் ஒரு சின்ன கம்பெனியில் நகைக்கடைக்கும் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வெப்சைட் எழுதுகிறவள் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஊரில் ரத்தம் கொடுக்கத் தயாராக உள்ளவர்கள் எல்லோரையும் ஒரே சைட்டில் சேர்த்துவிடலாம் என்று அவள் சொன்னாள். பதிவு செய்துகொள்ள ஊரே முண்டியடித்தது. ஒவ்வொரு ஆட்டோவின் முதுகிலும் அந்த ஓட்டுநரின் ரத்த வகையைப் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, கீழே ஒரு க்யூஆர் கட்டம் அச்சடித்து ஒட்டுவது அவளுடைய யோசனைதான். ஆட்டோவுக்குப் பின்னால் சிக்னலில் நிற்கிறவன் மொபைலைக் காட்டினால் அந்த வகை ரத்தம் உள்ளவர்களின் பெயரும் நம்பரும் வந்துவிடும். நேற்று மாலை ஆண்டு விழாவில் பஞ்சாயத்துத் தலைவி பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். பவித்ரன் மேடையிலேயே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பலகாலம் கழித்து அவர் நிம்மதியாகத் தூங்கிய இரவு நேற்றாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது சுதாகரனின் மொபைலில் இருந்த வாசகத்தை லிஜிஷா மறுபடி படித்தாள். ‘பி வகையில் யாரும் இல்லை.’ பி பாசிட்டிவ் என்றுகூட இல்லை, வெறும் பி. ஏதோ ஒன்று வழியில் உதிர்ந்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தபோது மொபைல் அடித்தது. ஷம்லா.

ஷம்லா ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி. இருவரும் சேர்ந்து எழுதிய சைட்டுகளை வரிசையாக நிறுத்தினால் பையன்னூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். நிறைமாதமாகி போன வாரம்தான் லீவில் போனாள். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள்.

“எடீ, நான் ஆஸ்பத்திரில இருக்கேன். ராத்திரி கொஞ்சம் பிரஷர் கூடிச்சு. இன்னிக்கே எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க.”

“அய்யோ! இப்ப எப்படி இருக்கே?”

“நான் நல்லாத்தான் இருக்கேன். நிசாரிக்காதான் வார்டு வார்டா ஓடிக்கிட்டு வேர்த்து ஊத்துறாரு, பாக்கிறவங்க அவருக்குத்தான் பிரசவம்னு நெனைக்கிறாங்க. மத்தியானத்துக்குள்ள மூணு பேர் வேணுமாம், பி பாசிட்டிவ். எனக்கு ரத்தம் கம்மியாச்சே, அதனால கையில வெச்சுக்கிட்டுத்தான் தொடுவேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாங்க வந்த ஆட்டோவுலயே உன் ஸ்டிக்கர் இருந்துச்சு. காட்டிப் பாத்தேன்.”

லிஜிஷா சுதாகரனின் மொபைலைத் திரும்பப் பார்த்தாள்.

“யாரும் இல்லைன்னு வந்துச்சா?”

“வந்துச்சு. வெறும் ‘பி’ன்னு வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சைட் முகவரியோட வால்ல பிளஸ்ஸை அப்படியே ஒட்டிட்டே, இல்ல? என்கோடு பண்ணலே.”

அவ்வளவுதான். மூன்று வருஷமாக லிஜிஷா எதை எழுதினாலும் பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்கோடு பண்ணியா?” என்று கேட்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தாள் ஷம்லா. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூட அதே கேள்விதான், கேலிக்கு. கேட்கிற ஆள் லீவில் போன வாரத்தில் லிஜிஷா ஸ்டிக்கர் கட்டத்துக்குள் போகும் இணைய முகவரிகளை எழுதினாள். முகவரிக்குள் கூட்டல் குறி அப்படியே போனால் சைட்டை ஓட்டும் பிஹெச்பி மொழி அதை இடைவெளி என்று எடுத்துக்கொள்ளும். கூட்டலாகவே போய்ச் சேரவேண்டுமென்றால் சதவீதக் குறி, இரண்டு, பி என்று அதற்கு வேஷம் கட்டி அனுப்பவேண்டும். அதற்குத்தான் என்கோடு. சைட்டுக்குள் இருக்கும் தேடும் பெட்டியில் பிரவுசர் அந்த வேஷத்தைத் தானாகவே கட்டிவிடும். அதனால் அங்கே எல்லாம் சரியாக வந்தது. ஸ்டிக்கருக்கு அவள் கையால் ஒட்டிய முகவரியில் வேஷமில்லை. கூட்டல் இடைவெளியாகி, அந்த இடைவெளியையும் ஓரம் நறுக்கும் இன்னொரு வரி நறுக்கிப்போட்டுவிட்டது. கழித்தல் குறிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, அது ராஜா மாதிரி நடந்து உள்ளே வந்துவிடும். சோதித்துப் பார்க்கவேண்டியவளோ, ஊரிலேயே அபூர்வமான ஓ நெகட்டிவ் என்ற பெருமையில் தன் ஸ்டிக்கரை மட்டுமே காட்டிக் காட்டிச் சோதித்தாள். ஊரில் பத்தில் ஒன்பது பேருக்குக் கூட்டல் ரத்தம். அத்தனை பேரையும் ஒரே அடியில் அவள் இல்லாமலாக்கியிருந்தாள்.

“அழுறியா?” என்றாள் ஷம்லா.

“இல்லை.”

“அழாதே, ஆள் பாரு. நான் உள்ளே போறதுக்குள்ள மூணு பேர். அப்புறமா உன்னைப் பேசிக்கிறேன்.”

லிஜிஷா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். தேடும் பெட்டியில் பி பாசிட்டிவ் என்று போட்டதும் ஒரு பட்டாளமே வந்தது. முதல் பெயர் அவள் கணவன் வினீஷ். லீவில் வந்தபோது ஆசையாகப் பதிவு செய்துவிட்டு ஷார்ஜாவுக்குப் போய்விட்டவன். இரண்டாவது ஆள் தோஹாவில். மூன்றாவது மஸ்கட். நான்காவது ஆள் ஊரில்தான் இருந்தான், போன மாதம்தான் கொடுத்தானாம். ஐந்தாவது ஆளின் மொபைலில் ஒரு பெண் அரபியில் ஏதோ சொன்னாள். இடையில் லீவில் வந்த கல்ஃப்காரர்கள் அத்தனை பேரும் பாசத்தில் பேர் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். கிளப்பின் வாட்ஸாப் குழுவில் ‘அவசரம், பி பாசிட்டிவ், மூன்று பேர்’ என்று போட்டாள். உடனே கும்பிட்ட கைகள் வந்தன. இதயங்கள் வந்தன. பவித்ரன் ‘அனைவரும் ஷேர் செய்யவும்’ என்று எழுதினார். ஷேர் செய்தார்கள். ஒருத்தன்கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

“என்னை ஏன் யாரும் கேட்கலே?” என்றார் சுதாகரன். ஆள் தேடிய அவசரத்தில் அவர் அங்கே நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“நீங்க ஒண்ணு ஏட்டா. இன்னும் ரெண்டு.”

அப்போதுதான் கேட்டருகே குடை மடங்கும் சத்தம் கேட்டது. தையல்கடை ரோஹிணி. கடையின் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை அவளும் காலையில் காட்டிப் பார்த்திருக்கிறாள்.

“லிஜிஷா, ஜாக்கெட் அளவு தப்பா தெச்சா இந்த ஊரு என்னைச் சும்மா விடுதா? நான் பேரு குடுத்தேனா இல்லையா? எங்கே என் பேரு? என் பொண்ணு கூப்பிட்டு ‘அம்மே, உன்னைத் தூக்கிட்டாங்க’ன்னு சிரிக்கிறா.”

“சேச்சி, உங்க க்ரூப் என்ன?”

“அதையும் தொலைச்சிட்டியா? பி பாசிட்டிவ்.”

நளினி வெளியே வந்து ரோஹிணியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, புட்டும் கடலையும் முன்னால் வைத்தாள். “சாப்பிடு. வெறும் வயத்துல குடுக்கக் கூடாது.” என்ன கொடுக்க என்று ரோஹிணிக்கு விளங்கச் சிறிது நேரம் ஆனது. லிஜிஷா ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் புட்டைப் பிசைந்தாள். “ஷம்லாவா? நம்ம ஷம்லாவா? கல்யாண ஜாக்கெட் நான்தானே தெச்சேன்!”

அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் குஞ்ஞம்பு மாஸ்டர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நடக்கும்போதே முகத்தில் கேள்வித்தாள் தெரியும். பி பாசிட்டிவ்தான். ஆனால் வயது ரத்தம் கொடுக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. அதைச் சொன்னதும், சைட்டில் இல்லையென்றானதைவிட அதிகம் கோபப்பட்டார். அவருக்கும் ஒரு தட்டுப் புட்டு போயிற்று.

லிஜிஷா பிழையைத் திருத்த உட்கார்ந்தாள். ஸ்டிக்கர்களை இனி மாற்ற முடியாது, அவை ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. சைட் அந்த முகவரியை வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் சரிசெய்யவேண்டும். கழித்தல் இல்லாமல் வந்து சேரும் எந்த வகைக்கும் பின்னால் ஒரு கூட்டலை நீயே ஒட்டிக்கொள் என்று ஒரே ஒரு வரி. எழுதியும்விட்டாள். சேமிக்கக் கையை வைத்தபோது சுதாகரன், “நில்லு, நில்லு, நில்லு” என்றார்.

“என்ன ஏட்டா?”

“இப்பச் சரி பண்ணிட்டா இன்னும் எவன் இங்கே வருவான்?”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“நீ போன் பண்ணினே, கிடைச்சவனெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். வேணும்னு எழுதிப் போட்டே, கை கும்பிட்டுட்டுப் போயிட்டான். ஆனா இங்கே வந்தது யாரு? நான் வந்தேன், ரோஹிணி வந்தா, மாஸ்டர் வந்தாரு. யாரும் இல்லைன்னு சொன்னதாலதானே வந்தோம்? கோபப்பட்டு நடந்து வர்றவன் எல்லாம் ஊர்ல இருக்கிறவன் மோளே. ரத்தமும் சூடா இருக்கும். இன்னும் ஒரு ஆள் சண்டைக்கு வரட்டும், அப்புறம் சரி பண்ணு.”

“சுதாகரா, நீ இத்தனை நாள் ஆட்டோ ஓட்டி வீணாப்போயிட்டே” என்றாள் நளினி. மாஸ்டரே தலையாட்டினார்.

லிஜிஷாவுக்கு மனசு ஒப்பவில்லை. இந்நேரம் வேறொரு வீட்டில் ஓ பாசிட்டிவோ ஏ பாசிட்டிவோ தேடி யாராவது ஸ்டிக்கருக்கு மொபைலைக் காட்டிக்கொண்டிருந்தால்? தெரிந்தே ஒரு பிழையை ஊர் நடுவில் ஓடவிடுவது எப்படி? ஷம்லா கேட்டால் முகத்தில் முழிக்கவே முடியாது. ஆனால் ஷம்லா உள்ளே போகவேண்டுமென்றால் இன்னும் ஒரு ஆள் வந்தாகவேண்டும். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு எழுதிய வரிக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தாள். எல்லா வகைக்கும் கூட்டலை ஒட்டிவிடு, பி என்றால் மட்டும் கையை வைக்காதே. பக்கத்தின் அடியில் இருந்த தன் நம்பரைப் பெரிதாக்கி, ‘அவசரம் என்றால் அழைக்கவும்’ என்று மேலே கொண்டுவந்தாள். உண்மையாகவே தேவைப்படுகிறவன் கூப்பிடுவான். கோபம் வந்தவன் கூப்பிட மாட்டான், நேரில் வந்து கத்தினால்தான் அவனுக்கு ஆறும். சேமித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வேண்டுமென்றே எழுதிய முதல் பிழை அது. செய்தபோது உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சிரிப்பு வந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை.

பிறகு காத்திருந்தார்கள். ரோஹிணி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சுதாகரன் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, “பி பாசிட்டிவ்ல யாரும் இல்லையாம்டா, லிஜிஷா வீட்ல போய்க் கேளுங்கடா, அக்கிரமம்” என்று இரண்டு மூன்று பேரிடம் கொளுத்திப்போட்டார். வாசலில் ஒருத்தன் வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் அவன் வந்தது கேபிள் பில் கேட்க. நளினி அவனிடமும் க்ரூப் கேட்டாள். ஏபி.

ஷம்லாவின் கணவன் நிசார் கூப்பிட்டான். “லிஜிஷா, எத்தனை பேர் ஆச்சு? டாக்டர் தியேட்டருக்குப் போயாச்சு.” அவன் குரல் உடைந்திருந்தது. இதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. ரெண்டு பேர் கிளம்பிட்டாங்க என்றாள். கிளம்பவில்லை. மூன்றாவது ஆளுக்காக வண்டி நின்றுகொண்டிருந்தது. போதும், இருக்கிற இரண்டு பேரையாவது அனுப்பிவிடலாம், சூழ்ச்சியெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று நினைத்து லேப்டாப்பை இழுத்தாள். பி என்றால் மட்டும் என்ற வரியை அழிக்க விரலை வைத்தாள்.

ஒரு ஸ்கூட்டர் கேட்டை முட்டுகிற மாதிரி வந்து நின்றது.

மஞ்சள் ஜெர்சி. சங்கமம் கிளப்பின் கோல்கீப்பர் தனேஷ். போன ஓணத்துக்கு யுவஜ்வாலா அடித்த பெனால்டியைப் பிடித்துவிட்டு, இதே வீட்டுக்கு முன்னால் வந்து நின்று ஆடியவன். கேட்டுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றபடியே மொபைலைத் தூக்கிக் காட்டினான்.

“உங்க கிளப்புல நான் பேரு குடுத்தது எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா? டீமை விட்டே தூக்கிடுவாங்க. அவ்வளவு துணிஞ்சு வந்து குடுத்திருக்கேன். யாரும் இல்லையாமே! சங்கமத்துக்காரன்னா உங்களுக்கு ஆளாவே தெரியாதா?”

“என்ன க்ரூப்புடா மோனே?” என்று கேட்டுக்கொண்டே நளினி கேட்டைத் திறந்தாள். அவள் கண் ஏற்கெனவே அவன் முழங்கை நரம்பில் இருந்தது.

“பி பாசிட்டிவ்! எத்தனை தடவை சொல்றது?”

“இனிமே சொல்லவே வேண்டாம்” என்று சுதாகரன் அவன் தோளைப் பிடித்து ஆட்டோவுக்குள் அழுத்தினார். அவன் திமிறினான். ரோஹிணி உள்ளேயிருந்து இடம்விட்டு நகர்ந்து, ஷம்லாவின் பெயரைச் சொல்லி, மத்தியானத்துக்குள் என்று சொல்லி, அவன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். தனேஷ் அடங்கினான். வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்தவன், “ஸ்கூட்டர் சாவியை எடுத்து வையுங்க அம்மே” என்று மட்டும் சொன்னான். நளினி இலையில் பொதிந்த புட்டை ஜன்னல் இல்லாத அந்த ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள்.

ஆட்டோ கிளம்பியது. லிஜிஷா அந்த வரியை அழித்தாள், சேமித்தாள், “மூணு பேரும் வந்துட்டாங்க” என்று ஷம்லாவுக்கு அனுப்பிவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஆட்டோ வாசகசாலை முக்கில் சங்கமம் கிளப்பின் கொடிமரத்தடியில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் சிவப்பாக பி, பக்கத்தில் கூட்டல். கையிலிருந்த மொபைல் அதிர்ந்தது. ஷம்லா பதில் அனுப்பியிருந்தாள்.

‘இப்பவாவது என்கோடு பண்ணியா?’

முக்கில் ஆட்டோவிலிருந்து ஒரு மஞ்சள் கை முழங்கை வரைக்கும் வெளியே வந்தது. கையில், அதே பக்கத்தை மறுபடி திறந்த மொபைல். அதை அவளை நோக்கி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, சங்கமம் கிளப்பின் வாசலிலேயே, அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி தனேஷ் கத்தினான்.

“வருது! சேச்சி, என் பேரு வருது!”